பூனை கதைக்கும்

விடைத்தாள் திருத்துவோர்க்கு ஒரு நோய் உண்டு. ஐம்பதாவது தாளுக்கு மேல் கண் படிப்பதில்லை, கைதான் படிக்கும். எதிர்பார்த்த சொல் இருந்தாற் சரி, இல்லையேற் பிழை என்று சிவப்பு மை தானே ஓடும். முப்பதாண்டுக்குக் குறையாமல் தமிழ் கற்பித்து வரும் எனக்கும் அந்நோய் உண்டென்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் இரவு, மடவளையில் என் வீட்டு முன்விறாந்தையில் அமர்ந்து ஆறாந் தரத்து மாணாக்கரின் தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். ஒலிமரபுச் சொற்களால் இடைவெளி நிரப்புக என்பது வினா. யானை பிளிறும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும், புலி உறுமும், பூனை சீறும். நான் படித்தபோதும் இதுவே விடை. என் ஆசிரியர் படித்தபோதும் இதுவாகவே இருந்திருக்கும். ஒரு மாணவி மட்டும் பூனைக்கு நேரே 'கதைக்கும்' என்று எழுதியிருந்தாள். நான் சற்றும் தயங்கவில்லை. குறுக்கே ஒரு கோடிட்டு, அருகே 'சீறும்' என்று திருத்தி, ஒரு புள்ளியைக் குறைத்தேன்.

அந்த வேளையில் எங்கள் வீட்டுப் பூனை வாயிற்படியில் வந்து நின்று கத்தியது. அது ஆறாண்டு எங்களோடு வாழ்ந்த கடுவன், மஞ்சள் நிறம், மஞ்சளான் என்பதே பெயர். உள்ளே சென்று நெத்தலித் தலை நாலைந்தை எடுத்து வந்து போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு அப்பாற் போயிற்று. கிணற்றடி மணலிற் குந்தியது; எழுந்தது; மறுபடி வந்து கத்தியது. நீண்டு, தொடக்கத்தில் உயர்ந்து, முடிவிற் கீழே இறங்கிச் சென்ற குரல். குசினியிலிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "இது சோறு கேக்கிற சத்தமில்லை, நீங்க கொஞ்சம் கவனிங்களேன்" என்றாள். துணை தேடும் காலம் போலும் என்று நான் விளக்கஞ் சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோது கையை ஓங்கி, 'சூ' என்றேன். மறுநாள் விடியலில் அது என் மடியில் வந்து படுத்துக் குறுகுறுத்தது. சுகமாகி விட்டதென்று மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் அதனால் எழ இயலவில்லை. பழக்கூடை ஒன்றில் வைத்துக் கட்டுகஸ்தோட்டை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இலங்கையில் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் பீடம் அங்கேதான் உள்ளது. அத்தகைய இடத்துக்கு இத்தனை அருகில் வாழ்வது எங்கள் பேறு. ஆயின் பேறு பயன்படுவது காலத்தோடு சென்றால் அன்றோ! சிறுநீர்ப்பாதை அடைபட்டு விட்டது என்றார் வைத்தியர். கடுவன்களுக்கு அப்பாதை ஒடுங்கியது; அதனால் இவ்வடைப்பு அவற்றுக்கே மிகுதியாக வரும்; ஓரிரு நாளிற் கவனியாவிட்டால் உயிருக்கே உலை. முதல்நாளே கொண்டு வந்திருக்கலாமே என்றார். அவர் சொல்லிற் கடுமை இல்லை. அன்றிரவே மஞ்சளான் இறந்தது.

ஒரு பூனைக்காக இத்தனை பத்தியா என்று கேட்போர் கேட்கட்டும். என்னை வருத்தியது இறப்பு மட்டும் அன்று. ஒரு குரல் மூன்று முறை என் வாயிலில் வந்து நின்றது. மொழி கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் அதை ஒருமுறையேனும் கேட்கவில்லை. எழுத்தறிவில்லாதவர் என்று நாம் எளிதிற் சொல்லிவிடும் எங்களூர்ப் பாட்டிமார் எவரும் இப்பிழையைச் செய்திருக்க மாட்டார்கள்.

அதன் பின்னர்தான் இதுபற்றிப் படிக்கலானேன். பூனையின் ஒலிகளை ஒலியியல் முறையில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்தோருள் ஒருவர் அமெரிக்காவின் மில்ட்ரெட் மோல்க் என்னும் அம்மையார். 1944ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை வீட்டுப் பூனையின் ஒலிகளைப் பதினாறாகப் பகுத்து, மூன்று வகுப்பில் அடக்கியது. வாயை மூடியபடி எழுப்பும் முனகலும் குறுகுறுப்பும் ஒரு வகுப்பு. வாயைத் திறந்து, பின் மெல்ல மூடும்போது பிறக்கும் கூப்பாடு இன்னொன்று. வாயை இறுகத் திறந்து வைத்தபடியே எழும் உறுமலும் சீறலும் அலறலும் மூன்றாவது. வாய் மூடியிருத்தல், திறந்து மூடுதல், திறந்தபடி இருத்தல் என்ற இந்தப் பகுப்பைக் கண்டதும் பண்டிதனுக்கு எது நினைவு வரும்? தொல்காப்பியத்துப் பிறப்பியல்தான். இதழ் இரண்டும் பொருந்த மகரம் பிறக்கும். வாய் அங்காக்க அகர ஆகாரம் பிறக்கும் என்று நாம் ஆண்டுதோறும் ஓதுகிறோமே, 'மியாவ்' என்ற ஒலியை அந்த இலக்கணத்தில் வைத்துப் பாருங்கள். மூடிய வாய் மகரத்தைத் தருகிறது; திறந்த வாய் ஆகாரத்தைத் தருகிறது; மறுபடி மூடுகையில் நம் செவிக்கு வகரம் போல முடிகிறது. நம் சிங்கள அயலவர் இதையே 'ஞாவ்' என்கின்றனர். எழுத்து வேறாயினும் திறந்து மூடும் வாய் ஒன்றே.

இதிலும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று பெரும்பாலும் சொல்லிக்கொள்வதில்லை. தாயை அழைக்கும் குட்டியின் குரல் அது. குட்டி வளர்ந்ததும் தன் இனத்தோடு பேசுகையில் அதை விட்டுவிடுகிறது. மனிதரோடு பேசுகையில் மட்டும் வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்கிறது. பூனைகள் ஒன்றோடொன்று உடம்பாலும் மணத்தாலும் பேசிக்கொள்ளும். மனிதனோ மணம் அறியாதவன், வாலைக் கவனியாதவன், எந்நேரமும் தாளில் முகம் புதைத்திருப்பவன். அவனை அழைக்கக் குரல் ஒன்றே வழி என்று அவை கண்டுகொண்டன போலும்.

ஆதலால், மியாவ் என்பது பசி, நோய், வெளியே போகும் விருப்பம் என்ற ஒரு பொருளின் பெயர் அன்று, அது விளி. எட்டாம் வேற்றுமை என்று நாம் கற்பிக்கிறோமே, அதுதான். 'இங்கே பார்' என்பதற்கு மேல் அச்சொல்லில் பொருள் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதை இடமும் காலமும் குரலின் ஏற்ற இறக்கமுமே சொல்லும். தொலைவில் நிற்பவரை அழைக்கையிற் பெயர் தன் மாத்திரை கடந்து நீளும் என்று தொல்காப்பியர் விளிமரபில் விதித்தார். கதவு சாத்தியிருக்கும் போது பூனையின் விளியும் அவ்வாறே நீள்வதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஏற்ற இறக்கத்தில் பொருள் உண்டென்பது வெறுங்கற்பனை அன்று. சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்து ஒலியியலாளர் சூசன் ஷோட்ஸ் தம் சகாவோடு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உணவு வேண்டிக் கத்தும் பூனையின் குரல் முடிவில் உயர்வதையும், மருத்துவரிடம் கொண்டு செல்லப்படும் பூனையின் குரல் இறங்குவதையும் பெரும்பான்மையாகக் கண்டார். கேட்டவர்களுள் பூனையோடு பழகியவர்கள் வேறுபாட்டை நன்றாகவே இனங்கண்டனர். இதைப் படித்தபோது தாளை மடித்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். மஞ்சளானின் குரல் இறங்கியதை நானும் கேட்டவன்தானே. கேட்டும் நெத்தலித் தலையை எடுக்கப் போனேன். குசினியில் நின்றவள் கண்டதைக் காண எனக்குச் சுவீடன் தேசத்துக் கட்டுரை வேண்டியிருந்தது.

குறுகுறுப்பும் என்னை ஏமாற்றியது. மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் இடையறாது எழும் ஒலி அது. நொடிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பது வரை அதிர்வு. வியன்னாவில் ஆய்வாளர் சிலர் இறந்த பூனைகளின் குரல்வளையிற் காற்றைச் செலுத்தி, மூளையின் ஏவல் இல்லாமலே அவ்வொலி எழக் கூடும் என்று 2023ஆம் ஆண்டு காட்டினர். எவ்வாறு எழுகிறது என்பதை அவர்கள் ஆராயட்டும். நமக்கு வேண்டியது எப்போது எழுகிறது என்பது. பால் குடிக்கும் குட்டி குறுகுறுக்கும், பால் கொடுக்கும் தாயும் குறுகுறுக்கும், மடியில் உறங்குவதும் குறுகுறுக்கும், நோயுற்றதும் குறுகுறுக்கும். மகிழ்ச்சி ஒன்றே அதன் பொருள் என்று கொள்வது, கண்ணீர் கண்ட இடமெல்லாம் துயரம் என்று கொள்வதை ஒக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக் கரேன் மெக்கோம்ப் குழுவினர் 2009இல் மற்றொன்றைக் கண்டனர். காலையில் உணவு கேட்டு எழுப்பும் பூனையின் குறுகுறுப்புக்குள்ளே ஓர் உயர்ந்த அழுகுரல் இழையோடுகிறதாம். அதன் அதிர்வு பச்சிளங் குழந்தையின் அழுகையை நெருங்கி நிற்பதாம். பூனை வளர்த்தறியாதவர்க்குங்கூட அக்குரல் அவசரமாய்ப் பட்டதாம். இதற்கு எங்கள் வீட்டார்க்குச் சான்று தேவையில்லை. வைகறை நான்கரைக்கு எத்தனை நாள் எழுந்திருக்கிறோம்!

இனி உடம்பின் பேச்சுக்கு வருவோம். இக்காலத்தார் இதை 'உடல்மொழி' என்கின்றனர். புதுச்சொல் தேவையில்லை, மெய்ப்பாடு என்ற சொல் நமக்கு இருக்கிறது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழி வெளிப்படுதலே மெய்ப்பாடு. நகை முதல் உவகை ஈறாகத் தொல்காப்பியர் வகுத்த எட்டையும் பூனைக்குப் பொருத்த நான் துணியேன். ஆயினும் அச்சம், வெகுளி, உவகை என்ற மூன்றும் அதற்குத் தெளிவாக உள. வாலைச் செங்குத்தாக உயர்த்தி, நுனியைச் சற்றே வளைத்து எதிரே வருமானால் அது வரவேற்பு. கன்னத்தைக் காலில் உராய்வது பாலுக்கான இரப்பு என்று எண்ணுகிறோம். அது தன் மணத்தை நம்மேற் பூசி, நம்மையும் தன் குடும்பத்திற் சேர்த்துக்கொள்ளும் செயல். வாலை இப்புறமும் அப்புறமும் வீசினால் அங்கேதான் நாயோடு பழகியவர் வழுக்கி விழுகிறார்கள். நாய்க்கு அது பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனைக்கு அது பொறுமை தீரப் போகிறது என்ற எச்சரிக்கை. மல்லாந்து வயிற்றைக் காட்டுவதும் அப்படியே. 'உன்னை நம்புகிறேன்' என்பது அதன் பொருள், 'தடவு' என்பதன்று. தடவப் போய்க் கை கீறப்பட்ட சிறுவர் எத்தனை பேர்! (கீறலோ கடியோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நீர்வெறுப்பு நோய் நாயால் மட்டும் வருவதன்று.)

கண்ணைப் பற்றி நம்மவர் ஒரு பழமொழி சொல்வர்: பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதென்று எண்ணுமாம். அறியாமைக்குப் பூனையை உவமையாக்கி மகிழ்கிறோம். நம்மை நோக்கிக் கண்ணை மெல்லச் சுருக்கி, மூடி, மெல்லத் திறப்பது பூனை நட்போடு பேசும் முறை என்பதையும், மனிதர் அவ்வாறு செய்து காட்டினால் பூனை அதையே திருப்பிச் செய்வதோடு அவரிடம் அணுகவும் தலைப்படுகிறது என்பதையும் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்டனர். இருட்டில் இருந்தது யார் என்று அப்பழமொழியைச் சொல்வோர் ஒருகால் எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது 'சீறும்' என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். சீறல் எந்த மெய்ப்பாடு? பலரும் வெகுளி என்பர். முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, காது தலையோடு படிய, கண்மணி விரிய, பின்வாங்கும் வழியில்லாத மூலையில் நின்று பூனை சீறுகிறது. அது பெரும்பாலும் அச்சம். கோலோடு நெருங்குபவனுக்குக் கேட்கும் ஒலி அது. அப்படியானால் நம் பாடநூற் பட்டியலில் பூனைக்கு உரியதாக இந்த ஒன்றை எழுதி வைத்தவர் பூனையை எந்நிலையிற் கண்டவர்? மடியில் வைத்திருந்தவர் அல்லர் என்பது திண்ணம். பசுவுக்குக் கதறலும் குயிலுக்குக் கூவலும் அவற்றின் அன்றாட ஒலிகள். பூனைக்கு மட்டும் அன்றாடத்தை விட்டு, அடிபடும் வேளையின் ஒலியை நிலைநிறுத்தி விட்டோம்.

மரபை மாற்றலாமா என்று என் சக பண்டிதர்கள் உடனே கேட்பார்கள். எந்த மரபு என்று நானும் கேட்பேன். தொல்காப்பியத்து மரபியல் இளமைப் பெயரையும் ஆண்பாற் பெயரையும் பெண்பாற் பெயரையும் தொகுத்தது. வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் வகுத்தது. இந்த ஒலிப் பட்டியல் அங்கே இல்லை. அது பிற்காலத்துப் பள்ளிநூல்கள் பிள்ளைகளின் மனனத்துக்காகத் தொகுத்து வைத்தது. பழம் புலவரோ பட்டியலைப் பார்த்துப் பாடியவர் அல்லர். ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் முல்லையரும்புக்கு வெருகின் சிரிப்பை உவமித்தார். அரும்பையும் கண்டு, வெருகின் பல்லையும் அருகிருந்து கண்டவர்க்கே அது வாய்க்கும்.

பின்னைய இலக்கியமும் கலையும் பூனைக்கு அத்தனை அன்பு காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை முன்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அழகான சிற்பம், ஆனால் அதன் வழியே பூனை என்றாற் போலித் துறவி என்ற எண்ணம் ஊறிவிட்டது. உருத்திராட்சப் பூனை என்று இன்றும் ஏசுகிறோம். கம்பர் அவையடக்கத்திற் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொன்னார். அங்கே பேராசை இருந்தாலும் ஒரு பரிவும் இருக்கிறது. அவர் ஆண்ட சொல் 'பூசை'. எங்கள் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் மாலைதோறும் வேலியருகே நின்று தம் பூனையை 'பூசா' என்று கூப்பிடுகிறார். கம்பர் சொல்லுக்கு உறவான ஒலியை மடவளையில் நாள்தோறும் கேட்க முடிகிறது. நம் மாணாக்கர்க்கோ 'பூசை' என்றால் கோயிற் பூசை ஒன்றே தெரியும். முஸ்லிம் மக்கள் மிகுந்த எங்களூரில் அபூஹுறைரா என்னும் நபித்தோழரின் பெயர் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. பூனைக்குட்டியோடு தொடர்புடைய பெயர் அது என்பதையும் அறிவார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியாற் சாகவிட்ட பெண்ணொருத்தி தண்டனை பெற்ற நபிமொழியும் அவர்கள் கேட்டதே. அறம் கேட்ட செவி ஒலியையும் கேட்கப் பழகாதா?

நான் வேண்டுவது பெரிதன்று. பட்டியலைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. ஒலிமரபுப் பாடத்துக்கு முன்னே ஒரு வாரம், பிள்ளைகள் தத்தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஓர் உயிரைக் கேட்டு வரட்டும். பூனை எப்போது, எங்கே நின்று, எவ்வாறு ஒலித்தது, அப்போது காதும் வாலும் எப்படி இருந்தன என்பதை நாலு வாக்கியத்தில் எழுதட்டும். அனுங்குதல், முனகுதல், குறுகுறுத்தல், உறுமுதல், அலறுதல், விளித்தல் என்று நம்மிடம் எத்தனை வினைகள்! அவற்றுள் எது எவ்வொலிக்குப் பொருந்தும் என்று வகுப்பில் வழக்காடட்டும். தமிழ்ச் சொல்லைக் கற்பிக்க இதனினும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பரீட்சைக்கு நேரம் போதாது என்பார்கள். நான்கு நாள் ஒப்புவித்தல் கேட்கும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

பாடசாலை மீண்டும் திறந்த பின் அந்த மாணவியை அழைத்து, ஏன் கதைக்கும் என்று எழுதினாய் என்று கேட்டேன். பிழைக்குத் தண்டனை என்று எண்ணிச் சற்று நடுங்கினாள். பிறகு, "எங்கட பூனை கதைக்கும் சேர். உம்மாவோட ஒரு மாதிரிக் கதைக்கும், என்னோட ஒரு மாதிரிக் கதைக்கும்" என்றாள். ஒவ்வொரு பூனையும் தன் வீட்டாரோடு மட்டும் பழகிய தனிப்பேச்சொன்றை ஆக்கிக்கொள்கிறது என்று நூல்களில் நான் தேடிப் படித்ததை அவள் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டாள். வகுப்பில் வைத்தே, நீ எழுதியது பிழையன்று என்றேன். சிரித்தாள். போகத் திரும்பியவள் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அடுத்த பரீட்சைக்கு எதை எழுதுறது, சேர்?"

தாளைத் திருத்துவது நானாகவே இருக்கும் என்று உறுதி சொல்ல எனக்கு வழியில்லை. சீறும் என்றே எழுது பிள்ளை என்றேன்.